மீள்காய்ச்சலின் மூலம் தேடிய வரலாறு

காய்ச்சலுக்குத் தமிழில் பெயர்கள் பல. குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், விஷக்காய்ச்சல், மலைக்காய்ச்சல், விடாக்காய்ச்சல் என மக்கள் நாவில் வழங்கும் பெயர்கள் ஒருபுறம். சுரத்தை 64 வகையாகப் பகுத்த சித்த மருத்துவ மரபு மறுபுறம். உடல் கொதிப்பது எல்லாவற்றிலும் ஒன்றே. ஆயினும் அது எப்போது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, விட்ட பிறகு மீள்கிறதா என்பவற்றைக் கூர்ந்து நோக்கியே இப்பெயர்கள் சூட்டப்பெற்றன. வெப்பமானி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, காய்ச்சலுக்கும் ஒரு நடை உண்டு என்பதை இம்மண்ணின் மக்கள் அறிந்திருந்தனர்.

அக்காய்ச்சல்களுள் மருத்துவரை மிகுதியும் ஏமாற்றியது மீண்டு வரும் காய்ச்சலாகும். ஐந்தாறு நாள் உடலை வாட்டிய பின் வியர்த்து விடும். நோயாளி எழுந்து அமர்வான், கஞ்சி குடிப்பான், பிழைத்தான் என்று வீட்டார் நேர்த்திக்கடன் செலுத்துவர். ஒரு வாரம் கழிந்ததும் அதே கொதிப்பு, அதே தலைவலி, அதே நடுக்கம் திரும்ப வரும். போனது ஏன், வந்தது ஏன் என்ற வினாவுக்கு விடை காண மனிதகுலம் மிக நீண்ட வழி நடக்க வேண்டியிருந்தது. அந்த விடையின் ஒரு பாதி குருதியில் இருந்தது. மறுபாதி உண்ணி என்னும் சிற்றுயிரின் வயிற்றில் இருந்தது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் அம்மலையில் காடும் கால்நடையும் குரங்கும் மனிதரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அத்தகைய இடங்களிலேதான் உண்ணிகள் பரப்பும் நோய்களின் மூலங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அவை வெளிப்பட்ட கதையை வரிசையாகக் காண்பது, மலையையும் மலைமக்கள் மொழியையும் புதிய கண்ணோடு நோக்க உதவும்.

குருதியில் கண்ட இழை

1868ஆம் ஆண்டு. பெர்லின் நகரில் மீள்காய்ச்சல் பரவியிருந்தது. அந்நகரின் சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றிய ஓட்டோ ஓபர்மையர் என்ற இளம் மருத்துவர், நோயாளிகளின் குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களிடையே மயிரினும் மெல்லிய சுருள் இழைகள் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. கண்டதை அவர் உடனே வெளியிட்டுவிடவில்லை. காய்ச்சல் விட்ட நாளில் அதே நோயாளியின் குருதியில் அவ்விழைகளைக் காண முடியவில்லை. காய்ச்சல் திரும்பியபோது அவையும் திரும்பின. இந்த ஒற்றுமையை உறுதிசெய்துகொண்ட பின், 1873இல் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் காலரா நோயை ஆராய்கையில் அந்நோய்க்கே இரையானார்.

ஓபர்மையரின் கண்டுபிடிப்பில் இழையைக் கண்டது ஒரு பங்கு. அதைக் காண்பதற்குரிய வேளையைக் கண்டது மற்றொரு பங்கு. காய்ச்சல் இல்லாத நாளில் ஆயிரம் துளி குருதியைச் சோதித்தவருக்கும் ஒன்றும் அகப்பட்டிருக்காது. நோய் தன் சான்றைக் காட்டும் நேரத்தில் விழித்திருந்தவரே அதைக் கண்டார்.

அச்செய்தி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த காலம் மிகக் கொடியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பெரும்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவில் வைத்துள்ளனர். அதைக் கும்மியாகப் பாடியும் வைத்தனர். சேலமும் தென்னார்க்காடும் அப்பஞ்சத்தில் துயருற்ற மாவட்டங்களாகும். தக்காணத்தின் வறண்ட ஊர்களிலிருந்து பசித்த மக்கள் பம்பாய் நகரை நோக்கித் திரண்டனர். அவர்களிடையே 1877இல் ஒரு காய்ச்சல் மூண்டது. கொயினா கொடுத்தும் அது அடங்கவில்லை. விட்டு விட்டு வந்தது.

அக்காலத்தில் பம்பாயில் மருத்துவராக இருந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூலின் முதற் பதிப்புக்கு, 1858இல் வெளிவந்த அந்நூலுக்கு, படங்கள் வரைந்த கை அவருடையதே. உடலின் எலும்பையும் நரம்பையும் வரைந்து பழகிய அக்கண்கள், பஞ்சத்தில் அடிபட்ட ஏழையின் குருதித் துளியில் ஓபர்மையர் கண்ட அதே சுருளைக் கண்டன. நோயாளியின் குருதியைக் குரங்குக்குச் செலுத்தி, குரங்குக்கும் அக்காய்ச்சல் வருவதைக் கார்ட்டர் மெய்ப்பித்தார். தம் ஆய்வு முழுவதையும் 1882இல் நூலாக வெளியிட்டார். காய்ச்சலை உண்டாக்குவது அச்சுருள் உயிரே என்பது இவ்வாறு நிலைபெற்றது. ஆனால் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு அது எவ்வாறு செல்கிறது என்பது தெரியாமலே இருந்தது.

பேனும் உண்ணியும்

அவ்வழியைக் காட்டியவை, மனிதர் அருவருத்து ஒதுக்கும் இரண்டு சிற்றுயிர்கள். பஞ்சம், போர், சிறை என மக்கள் நெருக்கி அடைபட்டுக் குளிக்கவும் உடை மாற்றவும் வழியற்றுப் போகுமிடத்தில் பரவும் மீள்காய்ச்சலை உடைப்பேன் சுமக்கிறது. இதை நாசிக்கில் ஒரு பள்ளியில் மூண்ட நோயை ஆராய்ந்து 1907இல் பெர்சி மாக்கி என்ற மருத்துவ அதிகாரி எடுத்துக்காட்டினார். அப்பள்ளியில் பேன் மிகுந்திருந்த சிறுவரிடையே காய்ச்சல் மிகுந்தும், பேன் குறைந்திருந்த சிறுமியரிடையே காய்ச்சல் குறைந்தும் காணப்பட்டது. பேன்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தபோது அவற்றுள்ளும் சுருள் உயிர்கள் இருந்தன.

மற்றொன்று உண்ணி சுமக்கும் மீள்காய்ச்சல். அதன் வரலாறு ஆப்பிரிக்காவில் விளங்கியது. அங்கே மண் குடிசைகளின் தரைவெடிப்பில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் உறங்குவோரைக் கடிக்கும் ஒருவகை மெல்லுண்ணி உண்டு. அது கடித்தால் நோய் வரும் என்று அந்நாட்டு மக்கள் அஞ்சினர். வழிப்பயணி லிவிங்ஸ்டன் அவ்வச்சத்தைக் கேட்டறிந்து 1857இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மருத்துவ உலகம் அப்பேச்சை ஏறக்குறைய அரை நூற்றாண்டு பொருட்படுத்தவில்லை.

1904இல் உகாண்டாவில் பிலிப் ராஸ், ஆர்தர் மில்ன் ஆகியோர் மக்கள் உண்ணிக் காய்ச்சல் என்று அழைத்த நோயில் வாடியவர்களின் குருதியில் சுருள் உயிரைக் கண்டனர். இந்த ராஸ், மலேரியாவுக்குக் கொசு காரணம் என்று செகந்திராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸ் அல்லர். அடுத்த ஆண்டு காங்கோவில், லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஜோசப் எவரெட் டட்டனும் ஜான் டாடும் உண்ணியே அந்நோயைக் கடத்துகிறது என்பதைக் குரங்குகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். ஆராய்ந்த நோய் இருவரையுமே பற்றியது. டாட் பிழைத்தார். டட்டன் 1905 பிப்ரவரியில் காங்கோ மண்ணிலேயே இறந்தார். அவர் உயிரைக் குடித்த சுருள் உயிருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுப் பொரெலியா டட்டோனி என வழங்குகிறது.

அவர்கள் ஆய்வில் வெளிப்பட்ட செய்திகளுள் வியப்புக்குரியது ஒன்று உண்டு. நோயுற்ற உண்ணி இட்ட முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சும், எவரையும் முன்பு கடித்திராத நிலையிலேயே, நோயைத் தந்தது. ராபர்ட் கோக் கிழக்காப்பிரிக்காவில் முட்டைக்குள்ளேயே சுருள் உயிர்களைக் கண்டு இதனை உறுதிசெய்தார். நோயாளி ஊரை விட்டுப் போனாலும், ஏன், ஊரில் நோயாளியே இல்லாமற் போனாலும், வெடிப்பில் வாழும் உண்ணியின் குலத்தில் நோய் தொடரும். ஆள் நடமாட்டமற்றுக் கிடந்த பழைய குடிசையில் ஓரிரவு தங்கியவன் காய்ச்சலோடு எழுந்ததன் மறைபொருள் இதுவே.

காய்ச்சல் ஏன் திரும்புகிறது என்பதும் பின்னர் விளங்கியது. சுருள் உயிர் குருதியில் பெருகும்போது, உடல் அதன் மேலுறையை அடையாளங்கண்டு அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. பெரும்பாலானவை அழிகின்றன, காய்ச்சல் தணிகிறது. சில மட்டும் மேலுறையை மாற்றிக்கொண்டு தப்புகின்றன. கோட்டைக் காவலர் பழைய வேடத்தையே தேடிக்கொண்டிருக்க, மாறுவேடம் பூண்ட ஒற்றன் உள்ளே உலவுவது போன்றது இது. தப்பியவை ஒரு வாரத்தில் பல்கிப் பெருகவே காய்ச்சல் மீள்கிறது. உடல் புதிய வேடத்தைக் கற்கிறது; மறுபடி தணிகிறது. நோயாளியின் வீட்டார் கண்ட விடுவதும் வருவதுமான நடை, உள்ளே நிகழும் இந்தப் போரின் வெளித்தோற்றமே.

கியாசனூர்க் காடு

இந்திய மண்ணில் உண்ணியின் பங்கு பேரளவில் வெளிப்பட்டது 1957இல். பழைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரபா வட்டத்தில் கியாசனூர் என்றொரு காடு உண்டு. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அக்காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக இறந்து கிடந்தன. மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் மரத்திலிருந்து விழுந்து மடிந்தன. அதே நாட்களில் காட்டோர ஊர்களில் விறகுக்கும் தழைக்கும் சென்று வந்தவர்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். கண்கள் சிவந்தன, தலையும் இடுப்பும் தாங்கொணா வலி கண்டன, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குருதி கசிந்தது. சிலருக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் நலமாக இருந்த பின் மறுபடி மூண்டு, கழுத்து விறைத்து, அறிவு கலங்கியது. இதுவும் மீண்டு வரும் காய்ச்சலே. ஆனால் கார்ட்டர் கண்ட சுருள் உயிர் இதில் இல்லை.

குரங்குச் சாவையும் மனிதக் காய்ச்சலையும் அவ்வூரார் ஒன்றாகவே கண்டனர். கன்னடத்தில் அந்நோய்க்கு மங்கன காயிலே, அதாவது குரங்கு நோய், என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆய்வுக்கூடத்தின் விடைக்குக் காத்திராமல் மக்கள் நாவில் எழுந்த பெயர் அது. குரங்குக்கும் மனிதனுக்கும் ஒரே நோய் என்ற உண்மை அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது.

மருத்துவ உலகின் முதல் அச்சம் வேறொன்றாக இருந்தது. தென்னமெரிக்கக் காடுகளில் குரங்குகள் மடிவதும் மனிதர் காய்ச்சலில் விழுவதும் மஞ்சள் காய்ச்சலின் குறிகள். ஆசியாவில் அந்நோய் இருந்ததில்லை; அதைப் பரப்பவல்ல கொசுவோ இந்திய நகரங்கள் எங்கும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற கவலையுடன், புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் விரைந்து வந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் நிறுவிய அம்மையமே 1978 முதல் தேசிய வைராலஜி நிறுவனம் என வழங்குகிறது. அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் டெல்ஃபோர்டு ஒர்க். அவருடன் ஹரால்டு டிராப்பிடோ முதலிய ஆய்வாளர்களும் இந்திய அறிஞர் பலரும் காட்டுக்குள் இறங்கினர்.

நோயாளியின் குருதியும் இறந்த குரங்கின் உறுப்புகளும் சுண்டெலிக் குட்டிகளில் செலுத்தப்பட்டன. இரண்டிலிருந்தும் ஒரே வைரஸ் வெளிப்பட்டது. அது மஞ்சள் காய்ச்சல் வைரஸன்று. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், உருசிய நாட்டின் குளிர்க்காடுகளில் வசந்த காலத்திலும் கோடையிலும் மூளைக்காய்ச்சலைத் தரும் வைரஸின் உறவாக அது இருந்தது. உருசிய வைரஸை உண்ணி கடத்துகிறது என்பது 1937இல் லெவ் சில்பர் தலைமையில் தூரக் கிழக்குக்குச் சென்ற ஆய்வுக் குழுவால் தெரிந்திருந்தது. ஆகவே கொசுவைத் தேடி வந்த கண்கள் தரையை நோக்கித் திரும்பின.

வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில் இழுத்துச் செல்வது உண்ணி திரட்டும் முறை. புல்நுனியிலும் சருகிலும் முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும் உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். அவ்வாறு திரட்டியவற்றை இனம் பிரித்து, அரைத்து, சோதித்தபோது அதே வைரஸ் அகப்பட்டது. ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டுண்ணியே முதன்மைக் கடத்தி எனத் தெளிவாயிற்று. இத்தெளிவுக்கு விலை கொடுத்தவரும் உண்டு. வைரஸைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர் பலர் அக்காய்ச்சலில் விழுந்து எழுந்தனர்.

மாட்டின் பங்கும் குரங்கின் பங்கும்

கடத்தியைக் கண்டதோடு வினா முடிந்துவிடவில்லை. அக்காடு புதிதன்று, உண்ணியும் புதிதன்று. 1957இல் மட்டும் அந்நோய் ஏன் எழுந்தது? இவ்வினாவைத் தொடர்ந்து காட்டிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கொலம்பிய நாட்டு அறிஞர் ஹோர்ஹே போஷெல். தம் நாட்டில் மரம் வெட்டுவோரைச் சூழ்ந்து நின்று பார்த்தவர் அவர். உச்சிக் கிளையில் வாழும் நீலக் கொசுக்கள் மரம் சாயும்போது கீழிறங்கி வெட்டுவோரை மொய்ப்பதைக் கண்டு, காட்டு மஞ்சள் காய்ச்சலின் வழியை விளக்கியவர். மற்றவர் பி.கே. இராசகோபாலன், இவர் பிற்காலத்தில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

காட்டுண்ணியின் வாழ்வு மூன்று பருவமுடையது. ஒவ்வொரு பருவத்திலும் ஓர் உடலில் ஒருமுறை குருதி அருந்தித் தரையில் விழும். இளம் பருவங்கள் எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றை நாடும். முதிர்ந்த உண்ணி பெரிய விலங்கைத் தேடும். முன்பு காட்டெருமையும் மானும் அவ்விருந்தைத் தந்தன. காட்டைத் திருத்தி நெல் விளைவித்து மாடுகளை உள்ளே மேயவிட்டபோது, உண்ணிக்கு அளவற்ற விருந்து கிடைத்தது. மாட்டின் உடலில் இவ்வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. ஆனால் அதன் குருதி பல்லாயிரம் முட்டைகளாக மாறுகிறது. குரங்கின் பங்கு வேறு. வைரஸ் அதன் உடலில் மிகுதியாகப் பெருகுகிறது. கடிக்கும் உண்ணிகள் அனைத்தும் நோய் சுமக்கின்றன. குரங்கு மடிந்ததும் அவை உடலை விட்டுச் சருகில் இறங்குகின்றன. அவ்விடத்தை மிதிப்பவன் நோயை மிதிக்கிறான்.

மழை ஓய்ந்தபின் பொரியும் உண்ணிகள் கார்த்திகை, மார்கழிக்குப் பின் நடுப்பருவம் எய்துகின்றன. மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் அந்நடுப்பருவமே. அறுவடை முடிந்து விறகுக்கும் தழைக்கும் மக்கள் காடு ஏறுவதும் அதே காலம். ஆண்டுதோறும் திசம்பர் முதல் மே வரை நோய் எழுவதன் காரணம், காட்டின் நாட்காட்டியும் உழவனின் நாட்காட்டியும் இவ்வாறு ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதேயாகும்.

போஷெல் 1969இல் வெளியிட்ட கட்டுரையில், காட்டை மாற்றிய மனிதச் செயலே நோயின் எழுச்சிக்கு அடிப்படை என்று விளக்கினார். 1982-83இல் தென்கன்னடத்தின் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அங்குப் பெருங்கொள்ளையாக நோய் எழுந்தது. நெடுங்காலம் கருநாடகத்தின் சில மாவட்டங்களில் மட்டுமே காணப்பட்ட இக்காய்ச்சல், 2012-13இல் பந்திப்பூர்க் காட்டிலும், அதனை ஒட்டிய நீலகிரியின் முதுமலையில் இறந்த குரங்குகளிலும் கண்டறியப்பட்டது. பின்னர் வயநாடு, கோவா, மகாராட்டிரம் என மேற்கு மலைத்தொடர் நெடுகத் தலைகாட்டியது. 1990 முதல் அளிக்கப்பட்டு வந்த தடுப்பூசியின் பயன் குறைந்தது கண்டு 2022இல் அது நிறுத்தப்பட்டது. இந்நோய்க்கென்று தனி மருந்தும் இல்லை. உண்ணி கடிக்காமல் காத்துக்கொள்வதும், குரங்கு இறந்தால் உடனே தெரிவிப்பதுமே மக்கள் கையிலுள்ள காவல்.

கல்வராயன் மலையும் ஒரு பெயரும்

கிழக்கு மலைத்தொடரைச் சேர்ந்த கல்வராயனுக்குக் கியாசனூரின் கதை சொல்லும் பாடம் ஒன்று. வட தமிழ்நாட்டு மருத்துவமனைகள் சொல்லும் பாடம் மற்றொன்று. தமிழகச் செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதப்படும் நோய் குரங்கு நோயன்று. ஆப்பிரிக்க மீள்காய்ச்சலும் அன்று. அது ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படுவது. அதைச் சுமப்பது மாட்டிலும் நாயிலும் காணும் உண்ணியன்று. புதரிலும் எலிவளையிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் ஆறுகால் இளம்பருவமே அது. டட்டனும் கோக்கும் உண்ணியிடம் கண்ட அதே செய்தி இங்கும் உண்டு: சிற்றுண்ணியின் முட்டை வழியே நோய் தலைமுறை தலைமுறையாகச் செல்கிறது.

இந்நோயின் வரலாற்றிலும் தமிழருக்குத் தொடர்புடைய மண் ஒன்று இடம்பெறுகிறது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த மலாயாவில், கோலாலம்பூரில் ஆராய்ந்த வில்லியம் பிளெட்சரும் அவர்தம் துணைவரும் 1920களில் நகரக் கடைத்தெருவில் வரும் டைஃபஸையும் புதர் மண்டிய தோட்டங்களில் வரும் டைஃபஸையும் வேறு வேறென்று பிரித்தறிந்தனர். புதர்க் காய்ச்சல் என்ற பொருளில் இன்று வழங்கும் பெயர் அவ்வாய்வுகளின் வழியே நிலைத்தது. 1948இல் அதே கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோராம்பெனிகால் அந்நோயைத் தீர்ப்பதைக் காட்டினர். இந்தியாவிலோ ஜான் மெகா என்ற மருத்துவர் 1917இல் டைஃபஸ் போன்றதொரு காய்ச்சலைப் பதிவுசெய்து, 1921இல் அதனை உண்ணி கடத்தக்கூடும் என எழுதினார். ஓர் உண்ணியா, பல உண்ணிகளா, எந்தக் காய்ச்சலுக்கு எது என்ற பாகுபாடு தெளிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில், குளிர்மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்து மூச்சுத்திணறலிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் விழுந்த நோயாளிகளிடையே இந்நோய் மிகுந்திருப்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் எடுத்துரைத்தனர். சிற்றுண்ணி கடித்த இடத்தில், சுருட்டு நெருப்பால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று தோன்றுவதுண்டு. அது வலிப்பதில்லை, ஆகவே நோயாளி அதனைச் சொல்வதில்லை. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்புறம், தொடையிடுக்கு என மறைவான இடங்களில் அது இருக்கும். கூச்சத்தால் காட்டாமல் விடுவதும், விரைவால் பாராமல் விடுவதும் உயிரைக் கேட்கும் பிழைகள். பார்த்தறிந்தால் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் எளிதில் கிடைக்கும் மருந்துகளே. நோய் முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட மேலானது என்பதை வேலூர்க் கல்லூரி முன்னின்று நடத்திய பேராய்வு 2023இல் நிறுவியது.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர் கடுக்காய்க்கும் தேனுக்கும் புளிக்கும் காடேறுகின்றனர். ஆடுமாடுகளைப் புதர்களூடே ஓட்டிச் செல்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக வந்து இந்தியக் காடுகளை மூடிய ஒரு புதருக்குத் தமிழில் உண்ணிச்செடி என்று பெயர். அப்பெயர் எவ்வாறு வந்ததாயினும், சிதைந்த காட்டில் அது மண்டும்போது எலிக்கும் உண்ணிக்கும் நிழல் கிடைக்கிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன்மலை தனி வட்டமாயிற்று. 2022 சனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வருபவரிடம், காடு ஏறினீரா, மாட்டில் உண்ணி மிகுந்துள்ளதா, உடலில் கறுத்த பொருக்கு உண்டா, குரங்கு செத்துக் கிடந்ததா என்ற நான்கு கேள்விகள் கேட்கப்படுமாயின், பெர்லினிலிருந்து கியாசனூர் வரை ஈட்டிய அறிவு முழுவதும் அந்நோயாளிக்குத் துணையாக நிற்கும்.

சொல் காத்த செய்தி

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஆப்பிரிக்க மக்கள் தரையுண்ணியைச் சுட்டிக்காட்டி அஞ்சியதும், மலைநாட்டுக் கன்னடர் குரங்கு நோய் என்று அழைத்ததும் ஆய்வறிக்கைகளுக்கு முந்தியவை. நோயை நேரில் கண்டவர் சூட்டிய பெயர், காரணத்தின் திசையை முன்னரே காட்டிற்று. அதை மதித்துக் கேட்டவர் விரைவில் கண்டார். புறக்கணித்தவர் அரை நூற்றாண்டு பிந்தினார்.

ஆனால் பெயர் வழிகாட்டுவதுபோலவே வழிதவறவும் செய்யும். உண் என்னும் வினையடியாகப் பிறந்த உண்ணி என்ற ஒரே சொல், மாட்டு மடியில் தொங்குவதையும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரையும் சேர்த்துக் குறிக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று கேட்ட மலைமகன் தன் மாட்டிலுள்ள உண்ணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அச்சம் தீர்ந்ததென்று இருந்துவிடலாம். அவன் படுத்துறங்கும் புதரோரத்துச் சிற்றுண்ணியோ அவ்வாறே இருக்கும். ஒரு சொல்லின் தெளிவு ஓர் உயிரின் காவலாகும் இடம் இது.

மேய்ப்பரும் தேன் எடுப்போரும் மருத்துவச்சியரும் காய்ச்சலுக்கும், கடிக்கும், உண்ணியின் ஒவ்வொரு பருவத்துக்கும் வழங்கும் சொற்கள் கல்வராயன் மலையூர்களில் இன்னும் பேச்சில் உள்ளன. அவை அகராதியில் ஏறாதவை; முதியோருடன் மறையத் தக்கவை. அவற்றைக் கேட்டுத் தொகுப்பது இலக்கிய மன்றங்களின் பணிக்குப் புறம்பானதன்று. சொல்லைப் பேணுவதே கவிஞர் தொழில். அவ்வாறு தொகுத்த சொற்கள் அடிவாரத்து மருத்துவர் மேசைக்குச் சென்று சேருமாயின், மலையிலிருந்து வரும் நோயாளி தன் மொழியில் சொல்வதைக் கேட்பவர் அறிந்துகொள்வார். மீண்டு வரும் காய்ச்சலுக்கு மூலம் காணும் முயற்சியில் தமிழ் ஆற்றக்கூடிய தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.